ஞானப்பல் எடுத்த குழியும் டப்பாவில் வரும் சத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞானப்பல் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு, புண் சீக்கிரம் ஆறட்டும் என்று வைட்டமின் சி, ஜிங்க், கொலாஜன், புரோட்டீன் பவுடர் என அள்ளிக்கொண்டு போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சத்துக்குறைவு இல்லாதவருக்கு இது பெரும்பாலும் வீண் செலவு. சிலருக்குக் கெடுதலும்கூட.

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து நிற்கிறதே, அதன் மேல்தான் புதுச்சதை வளர வேண்டும். அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் உள்ளே எலும்பு தெரியும். மூன்றாம் நாள் வாக்கில் காது வரை இழுக்கும் வலியும் வாய்நாற்றமும் வரும். 'டிரை சாக்கெட்' என்பது இதுதான். புகைபிடிப்பது, முதல் 24 மணி நேரத்துக்குள் வேகமாகக் கொப்பளிப்பது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது ஆகியவை இதற்கு வழிவிடும். விலை கொடுத்து வாங்கிய புரோட்டீன் ஷேக்கை ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிப்பவர்களை என்ன சொல்வது?

புரதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் தேவை. நாலைந்து நாள் அரிசிக்கஞ்சியும் ஜூஸும் ஐஸ்கிரீமுமாக ஓட்டுகிறவருக்கு அதில் பாதிகூடச் சேராது. ஆனால் இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலில் 16, இரண்டு கிண்ணம் தயிரில் 12, 50 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்தால் இன்னொரு 12 கிராம். கணக்கு முடிந்தது. முட்டை சாப்பிடாதவர்கள் பனீரை உதிர்த்துச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் சூடு ஆறியபின், மறுபக்கமாக மென்று சாப்பிட வேண்டும். தாளிப்பு மட்டும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். குழியில் சிக்கிய கடுகை எடுப்பது மருத்துவர்களான எங்களுக்கே பெரும்பாடு. எள், சியா விதை, கொய்யா விதைக்கும் இதே கதிதான்.

வைட்டமின் சி நாளைக்கு 80 மில்லிகிராம் இருந்தாலே போதும். இரண்டாம் நாளிலிருந்து ஒரு பெரிய நெல்லிக்காயை அரைத்து, வடிகட்டி, மோரில் கலந்து குடிக்கலாம். 500 மில்லிகிராம் புளிப்பு மாத்திரையை வாயில் அடக்கிச் சப்பினால் அதன் அமிலம் பக்கத்துப் பல்லின் எனாமலைத்தான் அரிக்கும்.

ஜிங்க் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். வாந்தி வந்தால் உறைந்த ரத்தத்துக்கு ஆபத்து. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்திருந்தால் ஜிங்க், கால்சியம், இரும்பு மாத்திரைகளை அவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டும் வயிற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மருந்து ரத்தத்தில் சேராமல் போகும். ஆன்டிபயாட்டிக்கோடு தரப்படும் பி காம்ப்ளெக்ஸால் கெடுதல் இல்லை. சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே என்று பயப்பட வேண்டாம்.

வீக்கம் வற்ற என்று பலரும் கேட்டு வாங்கும் செராஷியோபெப்டிடேஸ் மாத்திரையை, மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில் பலன் நிரூபணமாகாததால், 2011இல் ஜப்பானில் அதன் தயாரிப்பு நிறுவனமே விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றது. வீக்கம் எப்படியும் இரண்டு மூன்று நாள் ஏறி, பிறகுதான் இறங்கும்.

அறுவைக்கு முன்பே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மீன் எண்ணெய், பூண்டு, வைட்டமின் ஈ, மஞ்சள் கேப்ஸ்யூல்கள் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். அதற்காக இதய மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. 'எலும்புக்குப் போடும் கால்சியம்' என்று சிலர் சொல்வது, விசாரித்தால், எலும்பு மெலிவுக்காக வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் என்ற மருந்தாக இருக்கும். அது தெரியாமல் பல்லை எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம், அரிதென்றாலும், உண்டு. ஆகவே சர்க்கரை, பிபி உண்டா என்று கேட்கும் படிவத்திலேயே பவுடர், கேப்ஸ்யூல்களுக்கும் ஒரு வரி சேர்க்குமாறு பல் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்காவிட்டாலும் நோயாளிகள் மாத்திரை அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரலாம். அந்த டப்பாக்களிலேயே 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அது.

மறுநாளும் கீழுதடு மரத்தே இருந்தால் மருந்துக்கடையில் நரம்புக்கென்று விற்கும் மெத்தில்கோபாலமின் (வைட்டமின் பி12) வாங்கிப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். நரம்பு நசுங்கியிருக்கிறதா, அறுபட்டிருக்கிறதா என்பதை அறுவை செய்தவர் தொடக்கத்திலேயே பரிசோதித்துப் பார்க்க வேண்டும். துணியை அரை மணி நேரம் கடித்தும் ரத்தம் நிற்காதது, காய்ச்சல், விழுங்க முடியாமை, நான்காம் நாள் கூடும் வலி இருந்தாலும் அவரிடமே உடனே போக வேண்டும்.

இப்படிக்கு,
வாய் மற்றும் முக அறுவை சிகிச்சை மருத்துவர்,
திருச்சி.