ஓய்வைப் பற்றி நீ கேட்டதற்கு

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். மாமாவின் முழங்கால் பழையபடிதான். உன் அண்ணன் அந்தக் காணி விடயத்தை இன்னும் விட்டபாடில்லை.

வருங்காலத்தில் இயந்திரங்களே எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும், மனிதருக்கு ஓய்வு நேரம் மட்டுமே மிஞ்சும், அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் அம்மா என்று செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே கேட்டாய். வேலை நாளில் அந்த நேரத்தில் உனக்கு அவ்வளவு நேரம் பேசக் கிடைத்ததே என்று அப்பா மகிழ்ந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்ட கேள்விக்கு மட்டும் இதில் பதில் எழுதுகிறேன்.

வீரகேசரி தொடங்கிய அதே 1930 ஆம் ஆண்டில், கெயின்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர், நூறு ஆண்டுகளுக்குள் கிழமைக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தாலே போதும் என்ற நிலை வரக்கூடும் என்று எழுதினார். உழைத்தே பழகிய மனிதர் அந்த ஓய்வை எப்படிக் கழிக்கப்போகிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை. 2030 இதோ நெருங்கிவிட்டது. நம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று இந்தப் பதினைந்து மணிக் கணக்கைச் சொல்லிப் பார், தராசுக்காரரே சிரித்துவிடுவார்.

எனினும் அவருடைய அந்தக் கவலை நம்மவருக்கு எள்ளளவும் பொருந்தாது. மாசி அமாவாசை கழிந்து காமன் கூத்துக்குக் காமன் ஊன்றினால், பௌர்ணமியை ஒட்டி அவன் எரியும்வரை லயத்து வரிசை வீடுகளில் எவருக்கும் பொழுது போதியதில்லை. உன் பெரிய தாத்தா பகல் முழுவதும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து, கைக் கீறல்களின்மேல் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, அதே கையில் ரதி வேடத்து வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார். விரல் மூட்டில் வளையல் சிக்கினால் பாட்டி சவர்க்காரம் போட்டு ஏற்றிவிடுவாள். விடிய விடியத் தப்பு மேளம் அடிக்கும். விடிந்ததும் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போவார்கள். ஓய்வை எப்படிக் கழிப்பது என்று இந்த மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் பெண்களைப் பற்றியும் எழுதவேண்டும். ஆண்கள் கைவேலையை முடித்துக்கொண்டு பிற்பகலிலேயே திரும்பிவிடுவார்கள்; பெண்கள் மாலைக் கொழுந்தை எடைபோட்ட பின்னரே மலை இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர்ப் பீலிக்கரையில் உடுப்பு, பிறகு விறகு, பிறகு பிள்ளைகளின் தலை. 1979 இல் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்து, சில ஆண்டுகள் கழித்து நம் லயத்திற்கும் ஒரு பெட்டி வந்தபோது, கார் பற்றரியில் ஓடிய அந்தப் படத்தை ஆண்கள் அமர்ந்து பார்த்தார்கள், பெண்கள் வாசலில் நின்று அரிசி புடைத்தபடி பார்த்தார்கள். நாளைய ஓய்வைப் பற்றிப் பேசுபவர்கள், அது வீட்டில் யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

ஓய்வு தானாக வந்து சேர்வதுமில்லை. நான் சிறுமியாக இருந்தபோது, 1966 முதல் 1971 வரை, அரசாங்கம் ஞாயிறை வேலைநாளாக்கிப் பௌர்ணமி, அமாவாசை போன்ற போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. பிறையைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் இல்லாத நாளைத் தெரிந்துகொள்வோம். பின்னர் ஒரு நாள் மீண்டும் ஞாயிறே விடுமுறையாயிற்று. எட்டு மணி நேர வேலைநாளும் அப்படித்தான். தொழிலாளர் பல பத்தாண்டுகள் போராடிய பிறகே 1919 இல் அது சர்வதேச உடன்படிக்கையாயிற்று. இயந்திரம் வேலையைக் குறைத்தது உண்மை. குறைந்த வேலையை ஓய்வாக்கியது இயந்திரமன்று.

ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை 2,500 க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு வேலை நேரத்தைக் கிழமைக்கு 35, 36 மணி நேரமாகக் குறைத்துப் பார்த்தார்கள். சம்பளத்தில் ஒரு சதமும் குறைக்கவில்லை. அந்த நேரத்தை மக்கள் குடும்பத்தோடும் தங்கள் விருப்பங்களோடும் கழித்தார்கள் என்று வாசித்தேன். நம் மலையில் தை, மாசி வறட்சியில் கொழுந்து குறைந்து, கிழமைக்கு இரண்டு மூன்று நாள் வேலை மட்டும் கிடைக்கும் காலத்தை நீ பார்த்திருக்கிறாய். நேரம் நிறைய இருக்கும். ஆனாலும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் எவர் முகத்திலும் ஓய்வு இருக்காது. சம்பளம் பின்னால் நிற்காத நேரம் மனிதரை அரித்துவிடும், மகள். அதைத் தனியாக, ஓர் அறைக்குள், கைப்பேசியைத் தள்ளித் தள்ளிக் கழிப்பது இன்னும் மோசம். நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். கைப்பேசியை நான் குறை கூறவில்லை. நாதஸ்வரக் கச்சேரிகளை நானும் அதில்தான் கேட்கிறேன்.

இரவில் நேரத்தோடு படு. வெள்ளவத்தைக் கடைச் சாப்பாட்டையே நம்பியிராமல் ஒரு வேளையாவது சமைத்துச் சாப்பிடு. மாலையில் கடற்கரைப் பக்கம் நட. அதற்குக் காசு வேண்டாம். கணக்கியல் பரீட்சையில் நீ வாங்கிய அதிவிசேட சித்தியை இன்றும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் காய்ச்சல் வந்தால்கூடப் போர்வைக்குள் மறைத்துக்கொள்ளும் பிள்ளை நீ. இந்த மாதமும் வழக்கம்போலப் பணம் அனுப்பியிருந்தாய். அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம். இங்கே செலவு ஒன்றுமில்லை. இரவில் நேரத்தோடு படு.

உலகத்தாரின் ஓய்வு பெருகினால் அதில் ஒரு பங்கு நம் மலைக்குத்தான் வரும் என்பது என் எண்ணம். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். துரைமார் இருந்த பங்களாக்கள் எத்தனையோ இன்று விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. வெள்ளைக்காரப் பயணிகள் மலையில் நிற்கும் பெண்களைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் அறை கூட்டுவதும் தேநீர் கொண்டுபோவதும் நம் பிள்ளைகளுக்கு, கணக்கும் மேசையும் வெளியூராருக்கு என்று அது முடிந்துவிடக்கூடாது.

நம் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கின் பங்களாவும் அப்படியொரு விடுதியாகிவிட்டது. அங்கே கணக்கும் ஆங்கிலமும் கணினியும் தெரிந்த ஒருவரைத் தேடுகிறார்களாம். அதை நடத்தும் அம்மா வெள்ளிக்கிழமை கோயிலில் என்னிடம் விசாரித்தார். என் மகளுக்குக் கொழும்பில் நல்ல வேலை இருக்கிறது என்றுதான் சொன்னேன். ஆனாலும் மாதக் கடைசிவரை வேறு எவரையும் எடுக்காமல் பொறுத்திருக்கும்படி கேட்டிருக்கிறேன். அவரும் சரி என்றார்.

அன்புடன்,
அம்மா