செட்டிநாட்டுச் சிற்றூர்களின் குப்பையும் வண்டிச் செலவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊரில் தூய்மைக் காவலர் தினமும் காலையில் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிறார். வீதியில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் வீடுகளில் வாங்கிய குப்பையை, சேர்ப்பதற்கு வேறு இடம் இல்லாததால், கண்மாய்க் கரையில் கொட்டுகிறார். அந்தி சாய்ந்ததும் யாரோ தீ வைத்துவிடுகிறார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குப்பையை வாங்க ஆளை அமர்த்திய நாம், வாங்கியது எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைத் திட்டமிடாமல் விட்டுவிட்டோம்.

ஊராட்சிக்கு ஒரு குட்டியானை வண்டி வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரையுள்ள கிராமத்தின் திடக்கழிவுப் பணிக்குத் தலைக்கு 60 ரூபாய் வரை வகுத்திருக்கிறார்கள். 3,000 பேர் வாழும் ஊருக்கு இது 1,80,000 ரூபாய். இதில் புது வண்டி வாங்க முடியாது. வாங்கினாலும், முக்கால் டன் ஏற்றக்கூடிய அந்த வண்டி, அமுக்காத பாலித்தீன் பைகளாலேயே 200 கிலோவுக்குள் நிரம்பிவிடும். ஏறக்குறைய காற்றைத்தான் டீசல் செலவழித்துச் சுமந்துகொண்டிருப்போம்.

ஆகவே, எடையில் பெரும்பங்கான காய்கறிக் கழிவும் இலைதழையும் ஊர் எல்லையைத் தாண்டாமல் அங்கேயே உரக்குழிக்குப் போகட்டும். மக்காத குப்பை மட்டும் நான்கைந்து ஊர்களுக்குப் பொதுவான ஒரு கொட்டகைக்கு வரட்டும். கணக்குக்காக, குப்பை கடைசியாகச் சேரும் இடம் 25 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; அங்கே நான்கு ஊர் வண்டிகள் வாரம் ஒருமுறை போய்வந்தால் நான்கு வாரத்தில் 800 கிலோமீட்டர் ஆகிறது. ஆறு கிலோமீட்டரில் கொட்டகை இருந்து, அங்கே அமுக்கிப் பொதியாகக் கட்டியதை நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரே லாரி எடுத்துச் சென்றால், மொத்த ஓட்டம் 242 கிலோமீட்டர்தான். வண்டியும் ஓட்டுநரும்கூட நான்கு ஊருக்கும் பொதுவாக இருக்கலாம். பொதிகள் போய்ச் சேர ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு நெகிழிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை அதே திட்டத்தில் இடமுண்டு. அங்கே துண்டாக்கப்படும் நெகிழியைத் தார்ச்சாலைக்குப் பயன்படுத்தும் முறை, பக்கத்து மதுரையில் பேராசிரியர் வாசுதேவன் கண்டளித்தது.

ஆனால் வேறு ஊர்த் திட்டத்தை அப்படியே எடுத்துவந்தால் செட்டிநாட்டுக்குப் பொருந்தாது. சாதாரண நாளில் இங்கே குப்பை குறைவு. பூட்டிய வீதியில் தினமும் வண்டி தள்ளுவது வீண். மக்காத குப்பைக்கு வாரம் ஒரு நாள் போதும். அதே வீதியில் ஒரு கல்யாணம் வந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. சென்ற தை மாதம் ஒரு வீட்டு விருந்து முடிந்த மறுநாள், எச்சில் இலைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, ஊருணிக்கு நீர் வரும் கால்வாயோரம் வரிசையாகக் கிடந்ததையும், ஆடுகள் மூட்டையைக் கிழித்துப் பையோடு இலையைத் தின்றதையும் நான் பார்த்தேன். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. எங்கள் ஊராட்சிகளும் இதைத் தீர்மானமாக்கி, விசேஷ வீட்டாரிடம் வண்டி வாடகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். பிறந்த ஊரில் கல்யாணம் நடத்த நெடுந்தொலைவிலிருந்து வருகிறவர்கள் இதற்கு மறுக்கமாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றிய அதிகாரிகளும் பக்கத்து ஊராட்சிகளும் ஒன்றாக உட்கார்ந்து, கண்மாய்க்கும் ஊருணி வரத்துக்கால்களுக்கும் விலகிய மேட்டுப் புறம்போக்கில் கொட்டகைக்கான இடத்தை ஐப்பசி மழைக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கல்லல் வட்டார வாசகர் ஒருவர்