கார்த்திக்கு, என் படிப்பைப் பத்தி

கார்த்தி கண்ணா,

போன்ல பேசினா பாதியிலயே "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சுடற, அங்க உனக்கு ஷிஃப்ட் டைம் வேற, அதான் நிதானமா டைப் பண்ணி அனுப்பறேன், ரூமுக்கு வந்து சாப்ட்டு பொறுமையா படி. நான் பிஎஸ்டபிள்யூ, அதான் சமூகப்பணி டிகிரி சேர்ந்தது உனக்குப் புடிக்கலன்னு தெரியும். பகல் பூரா பால்வாடி, சாயங்காலம் வீட்டு வேலை, பிபி மாத்திரை வேற, இந்த வயசுல டிகிரி வாங்கி என்னம்மா பண்ணப்போறன்னு கேட்ட. நீ கேக்கணும்தான், அம்மா மேல அக்கறை இருக்கறவன் கேப்பான். அதுக்குத்தான் இந்த பதில்.

அலைச்சல் பத்தி முதல்ல சொல்லிடறேன். வீட்ல இருந்தே படிக்கற இக்னோ திறந்தநிலை பல்கலைக்கழகத்துல சேர்ந்திருக்கேன், வயசு வரம்பு கிடையாது, பிளஸ் டூ போதும், 3 வருஷத்துல முடிக்கலாம், முடியலன்னா 6 வருஷம் வரைக்கும் டைம் தராங்க. ரீஜினல் சென்டர் வேப்பேரி பெரியார் திடல்ல, நம்ம புளியந்தோப்புல இருந்து எவ்ளோ தூரம்னு உனக்கே தெரியும். அதனால அந்த பயம் வேணாம்.

ஏன் படிக்கறேன்னா, நம்ம தெருவுல யாருக்கு என்னன்னாலும் பால்வாடி டீச்சர்கிட்டதான வராங்க. குழந்தைக்கு வெயிட் பாக்க வர்ற பொண்ணு, சத்துமாவு வாங்க வர்ற பொண்ணு, பாக்கெட்ட பையில போட்டுக்கிட்டே புருஷன் குடிச்சுட்டு அடிக்கறான்னு சொல்லுவா, மாமியாருக்கு முதியோர் பென்ஷன் நின்னுபோச்சுன்னு சொல்லுவா, பையன் ஸ்கூலுக்கே போகமாட்டேங்கறான்னு அழுவா. கேட்டா மனசு பதறுது. ஆனா என் மனசு பதறி அவளுக்கு என்ன ஆகப்போகுது சொல்லு, எந்த ஆபீஸ், எந்த சட்டம், எந்த பேப்பர், யார்கிட்ட எப்படி பேசணும்னு முறையா படிச்ச ஆள் ஒருத்தராவது தெருவுல வேணும் இல்ல, அது நானா இருக்கணும்னு ஆசப்படறேன்.

ஃபீல்டு ஒர்க்ல, அதான் படிப்புக்காக நேர்ல ஜனங்ககிட்ட போய் வேலை பழகறதுல, நடந்தத சொல்றேன், அப்ப புரியும் உனக்கு. என்ன பெரும்பாக்கத்துக்கு போட்டிருந்தாங்க, கூவம் ஓரத்துல இருந்த குடும்பங்கள நிறைய பேர 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கொண்டு போய் வச்சாங்களே அந்த எட்டு மாடி பில்டிங்கு. அங்க ஒரு பொண்ணு, பேர் சொல்லமாட்டேன், வந்தவங்க விஷயத்த வெளிய சொல்லக்கூடாதுங்கறது இந்தப் படிப்புல மொதல்லயே சொல்லித்தர்ற பாடம். புருஷன் இறந்துட்டான். வீட்டு வேலைக்கு இன்னும் பழைய ஏரியாவுக்கே பஸ் புடிச்சு போறா, விடியறதுக்கு முன்னாடி கிளம்பினா ராத்திரிதான் வர்றா. பாக்கற யாருக்கும் விதவை பென்ஷனுக்கு எழுதிப்போடலாம்னுதான் முதல்ல தோணும், அப்ப மாசம் 1200 ரூபா. ஆனா எங்க சூப்பர்வைசர் மேடம், ஃபார்ம கீழ வைங்க, அவங்களுக்கு எது முதல்ல வேணும்னு கேளுங்கன்னாங்க. கேட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தா, அப்புறம் "என் பொண்ண ஸ்கூல்ல சேத்து வுடுங்கக்கா, வேற எதுவும் வேணாம்"னா. பொண்ணு ஏழாவது, வீடு மாறினதுல இருந்து வீட்லயே இருக்கு, பழைய ஸ்கூல்ல டிசி வாங்க ஒரு நாள் கூலிய வுட்டுட்டு போகணும், அத வுட்டா வீட்டுல அடுப்பு எரியாது, புது ஸ்கூல்ல டிசி இல்லாம ஆகாதுன்னுட்டாங்க.

2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் புள்ளைங்க வேற ஸ்கூலுக்கு மாறும்போது டிசி லேட்டாகுதுன்னு சேர்க்காம நிறுத்தக்கூடாது. இந்த ஒரு வரி அவளுக்குத் தெரியல, அவ்ளோதான். நான் போய் பேசி சேர்த்து வுட்டிருக்கலாம், மேடம் வேணாம்னாங்க, அவங்களே பேசட்டும் நீங்க கூட நில்லுங்கன்னாங்க. முந்தின நாள் படிக்கட்டுல உக்காந்து எப்படி ஆரம்பிக்கணும் எதச் சொல்லணும்னு ரெண்டு பேரும் பேசிப் பாத்தோம். மறுநாள் ஹெச்எம் ரூம்ல அவதான் பேசினா கார்த்தி, முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு, குரல் நடுங்கிச்சு ஆனா நிறுத்தல. பொண்ண சேர்த்துக்கிட்டாங்க. முடிவு எடுக்கற உரிமை வந்தவங்களோடதுன்னு 1957லயே பீஸ்டெக்னு ஒரு பாதிரியார் கேஸ் ஒர்க்குக்கு, அதான் ஒவ்வொருத்தரா உக்காந்து பேசி உதவறதுக்கு, எழுதின 7 கொள்கையில ஒண்ணா வச்சிருக்கார், அத பாடத்துல படிச்சப்ப வெறும் வரியா இருந்துச்சு, அந்த ரூம்லதான் எனக்கு முழுசா புரிஞ்சுது. பென்ஷன் இன்னும் வரல, இறப்பு சான்றிதழ்ல ஒரு இனிஷியல், ரேஷன் கார்டுல வேற இனிஷியல், அத திருத்தறதுக்கு ஓடிட்டு இருக்கோம்.

பால்வாடி வேலைக்கே இது எவ்ளோ தேவைன்னு படிக்கப் படிக்கத்தான் தெரியுது. 2012 போக்சோ சட்டப்படி ஒரு குழந்தைக்கு பாலியல் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சும் போலீசுக்கு சொல்லாம விட்டா அதுவே குற்றம். குழந்தைங்க நடுவுலயே இருக்கற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இது தலைகீழா மனப்பாடம் ஆகியிருக்கணும், குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு போன் போட்டா என்ன செய்வாங்கங்கறதும் தெரிஞ்சிருக்கணும்.

சும்மா பொழுதுபோகாம படிக்கற படிப்புன்னு உங்க சித்தப்பா மாதிரி நீயும் நினைக்காத. பம்பாய்ல 1936லயே இதுக்குன்னு தனி காலேஜ் வந்துடுச்சு, நம்ம எழும்பூர்ல மேரி கிளப்வாலா ஜாதவ் 1952ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் ஆரம்பிச்சாங்க. தெருவுல மனநிலை சரியில்லாம திரியற பொம்பளைங்களுக்காக 1993ல பான்யன்னு ஒரு அமைப்பு தொடங்கின ரெண்டு பேர்ல வந்தனா கோபிகுமார் அந்த காலேஜ்ல படிச்சவங்கதான். அவங்க அளவுக்கு நான் சொல்லல, ஆனா அந்த வழியில வர்ற படிப்பு இது.

சம்பளம் கேட்ட. பெருசா வராது, உன்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியில சோஷியல் ஒர்க்கர் வேலைக்கெல்லாம் பெரும்பாலும் இதுக்கு மேல்படிப்பு எம்எஸ்டபிள்யூ கேக்கறாங்க, அதையும் படிப்பேனான்னு இப்ப யோசிக்கல. இந்த வேலை பாக்கறவங்களுக்கு இன்னும் கூட கொடுக்கணும்ங்கறதுதான் என் எண்ணம், நல்ல மனசு இருக்குன்னு சொல்லி கம்மி காசுல வேலை வாங்கறது நியாயமே இல்ல. ஆனா நான் பால்வாடிய விடப்போறதில்ல, அதனால நம்ம வீட்டுக்கு அதுல நஷ்டம் இல்ல, நீ மாசாமாசம் கூடுதலா அனுப்பவும் வேணாம்.

உன்கிட்ட கேக்கறது ஒண்ணுதான், அடுத்த தடவ பேசும்போது எதுக்கும்மான்னு கேக்காம என்ன படிச்சீங்கன்னு கேளு. ஜூன்ல பரீட்சை, லீவ ஜூலைக்கு போடு, ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி வந்தா பொண்ணு பாக்கற பேச்சையும் பேசிடலாம். அப்புறம் பீரோ மேல இருந்த உன் பழைய லேப்டாப்ப எடுத்துட்டேன், பாடம் எல்லாம் இக்னோவோட இகியான்கோஷ் வெப்சைட்ல ஃப்ரீயா இருக்கு, போன்ல எழுத்து பொடிசா தெரியுது. அதுக்கு பாஸ்வேர்டு என்னன்னு மெசேஜ் பண்ணு.

அம்மா