பத்தொன்பது அடிப் படத்தை ஒரு சாண் ஆக்கியவர்களுக்கு

மதிப்பிற்குரிய கண்காட்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் கூடத்துக்கு வந்திருந்தேன். 1858-இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் படத்தைக் காண ஆசைப்பட்டேன். கண்டதோ ஒரு சாண் நகல். அடியில் "பழைய தஞ்சை" என்று இரண்டே சொற்கள்.

மூலம் 21 படங்களை ஒட்டிய சுருள், ஏறத்தாழ 19 அடி நீளம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விமானத்தின் அடியில் ஓடும் எழுத்து வரிசையைத் தொடர்ச்சியாகக் காட்ட வேண்டுமானால், கனத்த கேமராவை ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். சுவருக்கும் லென்ஸுக்கும் இடையே தூரம் மாறக்கூடாது. மாறினால் ஒரு துண்டில் எழுத்து பெருக்கும், அடுத்ததில் சிறுக்கும், ஒட்டும்போது வரி முறியும். படத்தைப் பெரிதாக்கும் வழக்கமில்லாத காலம். அச்சின் அளவுதான் நெகடிவின் அளவு, கேமராவும் அதற்கேற்ற பெட்டி. ரசாயனக் குப்பிகளோடு அதை ஊர் ஊராகச் சுமந்தவர்களும் உண்டு.

அந்தச் சுருளை முழு நீளத்தில், எடுத்த விதத்தைச் சொல்லும் குறிப்போடு வையுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

பக்கத்துப் படத்தில் வானத்தையும் 'சுத்தம்' செய்திருக்கிறீர்கள். அக்கால ரசாயனத்துக்கு நீலம் அளவுக்கு மீறி உறைக்கும், வானம் வெளிறிப்போகும். அதனால் ட்ரைப் நெகடிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டுவார். அதைக் கறை என்று துடைத்த கைகளுக்கு வாழ்த்துகள்! ட்ரைப்பின் படமெடுக்கும் பணியை ஆடம்பரம் என்று சொல்லி, ஓரிரு ஆண்டுகளில் அன்றைய ஆங்கிலேயச் சென்னை அரசு நிறுத்தியது. அவர்களாவது மேகத்தை விட்டுவைத்தார்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அதே கோயிலின் கல்வெட்டுகள் தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் நானூறு பேரைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. நம் குறிப்பு அட்டையில் சுமந்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. பெயர் தெரியாவிட்டால் போகட்டும், "உடன் உழைத்தவர்கள்" என்றாவது எழுதலாமே. அட்டையில் இடமிருக்கிறது, அளந்து பார்த்தேன்.

கோபத்தில் சற்று மிகுதியாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். கண்காட்சி முடிவதற்குள் 21 துண்டுகளையும் வரிசையாக, உரிய குறிப்புடன் வைக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். சுவரில் இடமில்லையென்றால் தரையோரமாக ஒட்டுங்கள், குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நகலோடு திரும்பிய ஒரு பார்வையாளர்