பதினாலு வயதுக்காரிக்கு எந்த அலமாரி?

எங்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கும், கிளை நூலகங்களுக்குப் புத்தகம் தேர்வு செய்து அனுப்பும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியை. எங்கள் கிளை நூலகம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களே நீங்கள்தான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு தனி அலமாரி வேண்டும். வாசகர் வட்டத்தின் வழியாக மனுவும் கொடுத்தோம். பதில் வரவில்லை. போன மாதம் நடந்த ஒன்றைப் பார்த்தபிறகு, இன்னொரு மனு எழுதிப் பயனில்லை என்று தோன்றியது. ஆகவே, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் மணிமேகலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "அந்தப் பொண்ணு ஏன் டீச்சர் வேற உருவத்துல போகணும்? அவளாவே போனா என்ன?" என்று கேட்டாள். பாடத்தில் இல்லாத கேள்வி. நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வா, பேசலாம் என்றேன்.

சிறுவர் பகுதியில் அவளுக்குக் கிடைத்தது ஒரு படக்கதை. கையில் பாத்திரம், எதிரே ஏழைகளின் வரிசை, கடைசிப் பக்கத்தில் தானம் செய்யச் சொல்லி ஓர் அறிவுரை, அவ்வளவுதான். உரையோடு கூடிய முழு நூல் குறிப்புதவிப் பகுதியில் பூட்டிய கண்ணாடிக்குள் இருந்தது. "அதெல்லாம் பெரியவங்க படிக்கிறதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். சரி, கிடைத்ததையாவது உட்கார்ந்து படிக்கலாம் என்றால், சிறுவர் பகுதியில் இருப்பவை மழலைப் பிள்ளைகளுக்கான குட்டி பிளாஸ்டிக் நாற்காலிகள். முழங்காலை மடக்க முடியவில்லை, கூட இருந்த பொடிசுகள் சிரித்திருக்கிறார்கள். எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும் காலையிலேயே பை வைத்து இடம் பிடித்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்களுக்கும் போக வேறு இடம் கிடையாது. கடைசியில் வாசல்படியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படக்கதையைப் படித்துவிட்டு வந்து, "இதுல ஒண்ணுமே இல்ல டீச்சர்" என்றாள்.

நூலகர்மேல் தயவுசெய்து நடவடிக்கை எதுவும் எடுத்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பியதைத்தான் அவர் அடுக்கி வைத்திருக்கிறார்.

அவள் கேள்விக்குக் காப்பியத்தின் பத்தாம் காதையிலேயே பதில் இருக்கிறது. மணிபல்லவத் தீவில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு மந்திரம் சொல்லித்தர வந்த தெய்வம் காரணத்தையும் சொல்கிறது: "இளையள் வளையோள் என்று உனக்கு யாவரும் விளைபொருள் உரையார்." சின்னப் பெண், வளையல் போட்ட பெண் என்று நினைத்து யாரும் உனக்கு உண்மையான பொருளைச் சொல்லமாட்டார்கள், அதனால் வேறு உரு எடுத்துக்கொள் என்கிறது. உங்களிடம் மரியாதையோடு கேட்கிறேன், அன்று தெய்வம் சொன்னதற்கும் அந்தப் பூட்டிய கண்ணாடிக்கும் என்ன வித்தியாசம்?

பாட்டி சித்திராபதி குலத்தொழிலுக்கு இழுக்கிறாள், அரசகுமாரன் விடாமல் பின்தொடர்கிறான், தாய் மாதவி துறவுப் பக்கம் போய்விட்டாள். நடுவில் நிற்கிற இந்தப் பெண்ணுக்கு அமுதசுரபி கிடைப்பதோடு கதை முடிந்துவிடுவதில்லை. இருபத்தேழாம் காதையில் வஞ்சி மாநகரத்துக்குப் போய், துறவி வேடத்தில், ஒவ்வொரு சமயவாதியாகத் தேடி உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கண்ணால் காண்பதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். என் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டால் மேசையைத் தட்டுவார்கள். நாம் கொடுக்கிற சின்னப் புத்தகங்களில் அவள் சோறு போடுகிறாள், சோறு மட்டும்தான் போடுகிறாள்.

அந்த அமுதசுரபியை அவளுக்கு முந்திக் கையில் வைத்திருந்த ஆபுத்திரனைக் கேட்கவே வேண்டாம். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போன சிறுவன் அவன். பிடித்து அடித்தவர்கள் கடைசியில் அவன் பிறப்பை எடுத்தார்கள். அவன் தலைகுனியவில்லை. "ஆன்மகன் அசலன், மான்மகன் சிருங்கி", அதாவது அசலன் பசுவின் மகன், சிருங்கி மானின் மகன் என்று, அவர்கள் கும்பிடும் முனிவர்களின் பிறப்பையே வரிசையாக எண்ணிக் காட்டினான். வளர்த்த தகப்பனே வீட்டைவிட்டுத் துரத்தினான். 'நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு?' என்று இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்கு ஒரு சிறுவன் கொடுத்த பதில் பல நூற்றாண்டுகளாகத் தமிழில் இருக்கிறது. அவர்கள் கைக்குத்தான் எட்டவில்லை.

காப்பியத்தோடு நிற்கவில்லை. இங்கிலீஷ் படி, சமஸ்கிருதம் படி, சங்கீதம் படி என்று ஆளாளுக்குச் சொன்ன நாளில், தமிழ்தான் வேண்டும் என்று 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முன்னால் போய் நின்ற உ.வே.சாமிநாதனுக்கு வயது பதினாறு. பின்னாளில் 1898இல் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான். பிள்ளைகளுக்கோ 'தமிழ்த் தாத்தா' ஒருவரை மட்டும் தெரியும். அவர் பேரன் வயதில் தவித்த தவிப்பு 'என் சரித்திர'த்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அதே பதினாறு வயதில் 1896இல், தகப்பனைத் தேடிப் போகிறேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு மதுரையிலிருந்து ரயில் ஏறிய வேங்கடராமனை, பிற்காலத்து ரமணரை, ஆன்மிகம் என்ற தலைப்பில் அடுக்கிவிட்டீர்கள். பையன்கள் அந்தப் பக்கமே போவதில்லை. தில்லையாடி வள்ளியம்மை சிலையாகிவிட்டாள். தென்னாப்பிரிக்கச் சிறையிலிருந்து நோயோடு வந்து 1914இல் பதினாறு வயதில் இறந்தாள் என்று மனப்பாடம் செய்கிறார்கள். பிறந்தது முதல் அந்த நாட்டிலேயே வளர்ந்தவள் எதை நம்பிச் சிறைக்குப் போனாள் என்று யாரும் அவர்களோடு பேசுவதில்லை.

இக்காலத்து நாவல்களிலும் பஞ்சமில்லை. பூமணியின் 'வெக்கை'யில் கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலில் ஹைதராபாத் கலவரத்தின் நடுவே, தான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்கும் சந்திரசேகரன் கல்லூரிப் பையன். இவர்களெல்லாம் பெரியவர்கள் பகுதியில் இருக்கிறார்கள். கொலையும் கலவரமும் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அவர்கள் கையில் கைபேசி இருக்கிறது ஐயா. அதில் எதைப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால், வெக்கையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்.

ஆனால் ஒன்று, பதின்வயதினரை நாம் மறந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. 'பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய்' என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் விசாரிக்கிறோம். நுழைவுத் தேர்வுக் கையேடுகள் கட்டுக் கட்டாக வந்து இறங்குகின்றன. ஆகஸ்ட் 12 நூலகர் நாளன்று நூலகத்தின் பெருமையைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். இந்த ஆண்டு அதில் முதல் பரிசு வாங்கியவள், வாசல்படியில் உட்கார்ந்து படித்த அதே மாணவிதான். பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போகிறேன்.

யாருடைய பிறந்தநாளுக்கு அந்த விழா எடுக்கிறோமோ, அந்த சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் எழுதிவைத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. அவர் முயற்சியால்தான் 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் சொத்து வரியில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் பத்து ரூபாய் நூலக வரி கட்டுகிறோம். அந்த மாணவியின் வீட்டிலும் கட்டுகிறார்கள். ஆகவே நான் சலுகை எதுவும் கேட்கவில்லை.

பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை உள்ளவர்களுக்கு ஒரு தனி அலமாரி. அதில் சுருக்கங்கள் வேண்டாம், முழு நூல்கள் வேண்டும். மணிமேகலைக்கு எளிய உரையோடு இரண்டு மூன்று பிரதிகள் இருந்தால் நல்லது. அந்த வயதுப் பிள்ளைகள் தங்கள் சொந்த அட்டையிலேயே அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போக ஓர் ஆணை. அலமாரிக்குப் பக்கத்தில் முழு அளவு நாற்காலி நான்கு. புத்தகப் பட்டியல் தயாரிக்க ஆள் இல்லை என்றால், எங்கள் பகுதித் தமிழாசிரியர்கள் செய்து தருகிறோம், ஊதியம் வேண்டாம். அடுத்த கொள்முதலுக்கு முன்னால் எங்களை ஒருமுறை கூப்பிட்டுப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்பதுதான் பதில் என்றால், அதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வகுப்பில் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை