மொட்டை மாடியில் கட்டிவைக்கும் நாய்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முதியவர்களும் குழந்தைகளும் மதிய வெயிலில் வெளியே போக வேண்டாம் என்று கோடை தொடங்கியதிலிருந்து உங்கள் இதழில் எழுதி வருகிறீர்கள். அதோடு, மொட்டை மாடியில் கட்டிப்போடும் நாய்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரம் பிறக்கும் முன்பே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. காவலுக்கு, முடி கொட்டுகிறது, வீட்டுக்காரர் கீழே விடமாட்டார் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி நாயை மாடியில் கட்டுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். எதிர்வீட்டு நாட்டு நாயைத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கட்டியிருந்தார்கள். காலையில் தொட்டி நிழலில் படுத்திருக்கும். நிழல் நகர நகர அதுவும் நகரும். மூன்று மணிவாக்கில் நிழல் சங்கிலிக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். அப்புறம் அதனால் படுக்கவும் முடியாது, தரைச் சூட்டில் கால் மாற்றி மாற்றி நிற்கும். அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு மேலே போய்ப் பார்த்தேன். அலுமினியச் சட்டியில் நிறையத் தண்ணீர் இருந்தது, ஆனால் விரல் வைக்க முடியாத சூடு. இப்போது மாடிப்படிக்கு அடியில் கட்டுகிறார்கள். சொன்னதும் புரிந்துகொண்டார்கள் என்பதால்தான் மற்றவர்களுக்கும் சொல்லத் தோன்றியது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தாலோ, சென்னையைப் போலப் புழுக்கம் அதிகமாக இருந்தாலோ அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும். தகரக் கொட்டகை போட்டிருக்கிறோமே என்பார்கள். காற்றோட்டம் இல்லாத தகரத்துக்கு அடியில் வெளியே இருப்பதைவிடச் சூடு அதிகம். கடைக்குப் போகும்போது காரில் விட்டுப் போவதும் அப்படித்தான். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. விடாமல் இரைப்பது, கெட்டியான எச்சில் வடிவது, ஈறு செக்கச்செவேலென்று ஆவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது ஆகியவற்றைக் கண்டதும் ஆட்டோ தேடி ஓடாதீர்கள். முதலில் அங்கேயே உடம்பைக் குளிர வைக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையும்படி தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அதன்பிறகு கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எழுந்து நடந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டது ஓரிரு நாள் கழித்துத் தெரியவரலாம்.

வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராமல் இருப்பதும், குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் எங்கள் தெருவில் பார்த்தவரை, கொடுமை செய்ய நினைத்து யாரும் கட்டவில்லை. மதியம் மாடியில் என்ன நடக்கிறது என்று ஏறிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நாள்தோறும் வெயில் அளவை வெளியிடும் கட்டத்தின் கீழே, மே மாதம் முடியும்வரையாவது, ‘மாடியில் நாய் இருந்தால் கீழே இறக்கிக் கட்டுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பிற்பகலில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைகளின் தொலைபேசி எண்களையும் ஒருமுறை வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலூர்.