முட்செடிக் கதைக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான அறிவியல் சிறுகதையில், புல்லும் முளைக்காத தரிசில் வேரூன்றி ஒரே பருவத்தில் அதை விளைநிலமாக்கிவிடும் கற்பனை முட்செடி ஒன்று வருகிறது. கற்பனைக்கு நான் எதிரி அல்லேன். தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில், அப்படியொரு செடி இயற்கைக்கு அவ்வளவு தொலைவில் இல்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும், அச்செடி மண்ணுக்கு வேண்டிய எல்லாச் சத்துகளையும் தானே உண்டாக்குவதாக எழுதியிருப்பது உறுத்துகிறது.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடிகளால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்களே அதைத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. அக்குடும்பத்தைச் சேராத சீ பக்தார்ன் என்னும் முட்புதரும், பிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிரின் துணையோடு இதையே செய்கிறது. கதையின் செடி இவ்வளவு செய்தால் நம்பலாம். மணிச்சத்தாகிய பாஸ்பரஸின் கணக்கு வேறு. அது காற்றில் கிடைப்பதன்று, பாறை சிதைந்து மண்ணுக்கு வருவது. ஆழ இறங்கிய வேர் அதை அடிமண்ணிலிருந்து உறிஞ்சி, உதிரும் இலைகளின் வழியே மேல்மண்ணில் சேர்க்கலாமே தவிர, அங்கே இல்லாததை உண்டாக்க முடியாது. இதற்கு ஒரு பருவம் எங்கே போதும்? பல ஆண்டுகள் இலையுதிர்ந்து மட்க வேண்டும்.

முள்ளைக் கதாசிரியர் தோற்றத்துக்காக மட்டும் வைத்துவிட்டார் போலும். தழைச்சத்து மிகுந்த இலைகளை ஆடுமாடுகள் விட்டுவைப்பதில்லை. முள் இல்லாவிடில் செடி மண்ணுக்கு எதையும் தருமுன்பே மொட்டையாகிவிடும். வேறு மரக்கன்றுகளும் மேய்ச்சலுக்குத் தப்பி அம்முட்புதரின் மறைவிலேயே தலையெடுக்கும்.

கதை தொடாமல் விட்டது, செடி பரவும் வேகத்தை. வறண்ட மண்ணிலும் பிழைத்து, கால்நடைக்கும் தப்பும் செடியை எது தடுக்கும்? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலமும் தழைச்சத்தை நிலைநிறுத்தும் முட்செடிதான். வேலிகாத்தான் என்று பெயர் வாங்கிய அது, பிற செடிகளுக்கு இடமின்றிப் படர்ந்து, வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று.

அடுத்த பகுதி விரைவில் வருமென அறிவித்திருக்கிறீர்கள். அதில், தன் மறைவில் வளர்ந்த மரங்கள் ஓங்கியதும் அம்முட்செடி வெயில் கிட்டாமல் பட்டுப்போவதாக எழுதலாமே என்று கதாசிரியரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன். சீ பக்தார்ன் நிழலில் அப்படித்தான் மடிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்